ஈஸ்னோபீலியா: புழுவுக்காகக் கிளம்பும் படை

திருப்போரூர், மானாமதி, கேளம்பாக்கம் பக்கம் நாலு பேர் கூடிப் பேசினால், அதில் ஒருவராவது "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்குங்க" என்பார். காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல் வந்தால் ஈஸ்னோபீலியா. களத்தில் நெல் தூற்றும்போது மூக்கு ஒழுகினால் ஈஸ்னோபீலியா. மார்கழிப் பனியில் இளைப்பு வந்தால் அதுவும் ஈஸ்னோபீலியாதான். மருந்துக்கடையில் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

உண்மையில் அது ஒரு நோயின் பெயரே கிடையாது. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளையணு கூடியிருக்கிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். ஏன் கூடியது என்பதை அந்தச் சொல் சொல்லாது. நான் வேலை பார்த்த வங்கியில், ஒரு கணக்கில் பெருந்தொகை திடீரென்று ஏறி நின்றால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. ரத்தக் கணக்கிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். நமக்கு மட்டுமல்ல, நம் பட்டியில் நிற்கும் ஆட்டுக்கும் அது பொருந்தும்.

அந்த அணுக்கள் யார்?

1870களின் கடைசியில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற இளம் மருத்துவர், துணிக்குப் போடும் சாயங்களை உடலின் அணுக்களுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 1878இல் திசுக்களுக்குள் குருணை நிரம்பிய கொழுத்த செல்களைக் கண்டு, 'தீனி தின்று கொழுத்தது' என்ற பொருளில் 'மாஸ்ட்' செல் என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு, ஈசின் என்ற சிவப்புச் சாயத்தை நன்றாக ஏற்றுக்கொள்ளும் ரத்த அணுவுக்கு ஈசினோஃபில் என்ற பெயர் வந்தது.

இந்த இரண்டும் நாம் பிறக்கும்போதே உடலோடு வரும் காவல்படையைச் சேர்ந்தவை. இதை இயல்பு நோயெதிர்ப்பு என்கிறார்கள். அம்மை குத்திப் பழக்கப்படுத்த வேண்டியதில்லை, வேலை தெரிந்தே வருகின்றன.

பாக்டீரியா உடலுக்குள் நுழைந்தால் மற்ற வெள்ளையணுக்கள் அதை அப்படியே விழுங்கிவிடும். புழுவை அப்படி விழுங்க முடியாது. கோழி மண்புழுவைக் கொத்தி விழுங்கும், சாரைப்பாம்பை விழுங்குமா? எனவே உடல் வேறு உத்தியைக் கையாளுகிறது. ஈசினோஃபில்கள் கூட்டமாகப் போய்ப் புழுவின் இளம்பருவத்தைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு, தம் குருணைகளில் உள்ள நச்சுப் புரதங்களை அதன் தோலின்மேல் கொட்டுகின்றன. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அதனால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, சளி சுரக்கிறது, தசை இறுகி இழுக்கிறது. குடலில் இது நடந்தால் வயிறு போகும், புழு அடித்துக்கொண்டு வெளியேறும். நுரையீரலில் நடந்தால் இருமல் வரும், மூக்கில் நடந்தால் தும்மல் வரும்.

இந்தப் படைக்கு யார் குரல் கொடுக்கிறார்கள் என்பது அண்மையில்தான் தெளிவானது. குடல், நுரையீரல் சுவரில் உள்ள செல்கள் காயம்படும்போது அபாயச் செய்தி அனுப்புகின்றன. 2010 வாக்கில் கண்டறியப்பட்ட இரண்டாம் வகை இயல்பு லிம்ஃபாய்டு செல்கள் அந்தச் செய்தியை வாங்கி, இன்டர்லூக்கின்-5, இன்டர்லூக்கின்-13 என்ற இரண்டு வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. முதலாவது எலும்பு மஜ்ஜையில் ஈசினோஃபில் உற்பத்தியைக் கூட்டும். இரண்டாவது சளியைப் பெருக்கும். இவற்றோடு 1966-67இல் கண்டறியப்பட்ட ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளும் சேர்ந்துகொள்கிறது. இது மாஸ்ட் செல்லின்மேல் கண்ணி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும். எதிரி தொட்டதும் கண்ணி விடுபட்டு ஹிஸ்டமின் கொட்டும்.

ஆக, தும்மல், மூக்கொழுகல், இளைப்பு எல்லாமே புழுவைத் துரத்துவதற்கு உடல் வைத்திருக்கும் கருவிகள். வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியையோ மகரந்தத்தையோ புழு என்று எண்ணி அதே கருவிகளை எடுத்தால், அதைத்தான் ஒவ்வாமை என்கிறோம்.

மதனப்பள்ளியிலிருந்து சேத்துப்பட்டு வரை

இந்தக் கதையில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை. அதன் தலைவர் டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவர் ஃப்ரிமோட்-மோலர். காசநோய் என்று அங்கே அனுப்பப்பட்ட சிலருக்கு இருமல் இருந்தது, எக்ஸ்ரேயில் புள்ளிகள் தெரிந்தன. சளியில் மட்டும் காசநோய்க் கிருமி இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் ஈசினோஃபில் எக்கச்சக்கம். இவர்களைப் பற்றி அவரும் பார்ட்டன் என்ற மருத்துவரும் 1940இல் எழுதினார்கள். 1943இல் பம்பாயில் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு 'வெப்பமண்டல ஈசினோஃபீலியா' என்று பெயரிட்டார். நம் ஊர்ப் பேச்சில் உள்ள ஈஸ்னோபீலியா அந்தப் பெயரின் மிச்சம்.

காரணம் என்ன என்று தெரியப் பல ஆண்டுகள் ஆயின. ஆர்சனிக் கலந்த ஊசி போட்டால் குணமாகிறது என்று மட்டும் கண்டார்கள். 1950களின் கடைசியில் சிங்கப்பூரில் டி.ஜே. தன்ராஜ் என்ற மருத்துவர், யானைக்கால் புழுவுக்குக் கொடுக்கும் டிஇசி மருந்தில் இது குணமாவதைக் காட்டினார். புழுதான் காரணம் என்பது அதன்பின் உறுதியானது. யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிக்கொள்ள, அவற்றை அழிக்க ஈசினோஃபில்கள் அங்கே குவிகின்றன. வெளியே பார்த்தால் ஆஸ்துமா, உள்ளே யானைக்கால் புழு. ராத்திரியில் வாட்டும் இருமல், இளைப்பு, உடல் மெலிவு. காலில் வீக்கமே இருக்காது, ரத்தத்தில் தேடினால் நுண்குஞ்சும் கிடைக்காது.

டிஇசி மருந்தை 'ஹெட்ராசான்' என்ற பெயரில் நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதை 1947இல் உலகுக்குத் தந்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவைச் சிகிச்சை அறைக்கும் கதர் உடுத்திப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். அந்த மனிதரின் குழு கண்ட மருந்தைத்தான் யானைக்கால் தடுப்பு மாத்திரை என்று சுகாதாரத் துறை வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுத்தது.

அடுத்த கட்டம் சென்னை சேத்துப்பட்டில். 1956இல் தொடங்கப்பட்ட அங்குள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் மருத்துவர் வி.கே. விஜயனும் அமெரிக்க ஆய்வாளர்களும் இந்த நோயாளிகளின் நுரையீரலை உப்பு நீரால் கழுவி, அந்த நீரில் வந்த செல்களை எண்ணினார்கள். 1987இல் முடிவு வெளிவந்தது. சாதாரணமாக அங்கே ஈசினோஃபில் மிகச் சொற்பம். இவர்களுக்கோ வந்த செல்களில் ஏறக்குறைய பாதி ஈசினோஃபில். டிஇசி கொடுத்ததும் இரண்டு வாரத்துக்குள் அது வெகுவாக இறங்கியது. ஆனால் சிலருக்கு மருந்துக்குப் பிறகும் லேசான அழற்சி உள்ளே தொடர்ந்ததையும் பின்னர் கண்டார்கள். நாள்பட விட்டால் நுரையீரலில் தழும்பு கட்டி மூச்சுத் திறன் குறையும். "சாதாரண ஈஸ்னோபீலியாதானே" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

படையை அடக்கினால் என்ன ஆகும்?

எல்லாப் புழுவும் இப்படிப் போரைக் கிளப்பி மாட்டிக்கொள்வதில்லை. யானைக்கால் புழு உள்ளவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இந்த நுரையீரல் நோய் வருகிறது. மற்றவர்கள் உடலில் புழு சத்தமில்லாமல் பல ஆண்டுகள் குடியிருக்கும். படையைச் சாந்தப்படுத்தும் வித்தை அதற்குத் தெரியும்.

இன்னொரு புழு ஸ்ட்ராஞ்சிலாய்டஸ். நூல்போல் மிகச் சிறியது. கொக்கிப்புழுவைப் போலவே ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். பெரும்பாலான குடற்புழுக்களிடம் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. உடலுக்குள்ளேயே குஞ்சு பொரித்து, மறுபடி அதே உடலைத் தாக்கித் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் போர்க் கைதிகளின் உடலில், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புழு உயிரோடு இருந்ததை இங்கிலாந்தில் கண்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் மாண்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்ததும் அதே சேற்றில்தான்.

இந்தப் புழு நம் பக்கத்திலும் இருக்கிறது. சேத்துப்பட்டு மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே சுபாஷ் பாபு குழுவினர் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் உள்ளவர்களை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புழு உள்ளவர்களின் ரத்தத்தில் ஈசினோஃபில், நியூட்ரோஃபில், மாஸ்ட் செல் மூன்றின் குருணைப் புரதங்களும் கூடியிருந்தன. புழுவுக்கு மருந்து கொடுத்ததும் குறைந்தன. வெளியே பெரிய தொந்தரவு தெரியாவிட்டாலும் உள்ளே காவல் ஓயவில்லை என்று அர்த்தம்.

இந்த நிலையில் ஒருவர் இளைப்புக்கு என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிட்டால்? ஸ்டீராய்டு முதலில் அடக்குவது ஈசினோஃபிலைத்தான். ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை அழகாக இறங்கும், மூச்சும் இரண்டு நாள் நன்றாக இருக்கும். காவல் விலகியதும் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் கட்டுக்கடங்காமல் பெருகி, குடலைத் துளைத்து உடல் முழுக்கப் பரவும். அப்படிப் பரவினால் உயிர் பிழைப்பது கடினம். தீவிர ஆஸ்துமாவுக்காக 2015இல் வந்த மெபோலிசுமாப் என்ற விலையுயர்ந்த ஊசி இன்டர்லூக்கின்-5ஐத் தடுக்கும் மருந்து. அதன் குறிப்புத் தாளிலேயே, புழுத் தொற்று இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் ஊசியைத் தொடங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முறையாகப் பார்த்து மருத்துவர் கொடுக்கும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. பார்க்காமல் வாங்கித் தின்பதுதான் ஆபத்து.

அப்படியானால் புழு நல்லதா?

இயற்கை வேளாண்மை பேசும் நம்மில் சிலருக்கு இந்த இடத்தில் ஓர் ஆசை வரும். "புழு இருந்த காலத்துல அலர்ஜி இல்ல, அதனால புழு இருக்கட்டும்" என்று. முழுக்கத் தவறான எண்ணம் என்றும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவின் கபோன் நாட்டில் புழுத் தொற்று இருந்த பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மருந்து கொடுத்தபோது, தூசி உண்ணிக்கான தோல் ஒவ்வாமை கூடியதாக 2004இல் ஓர் ஆய்வு வந்தது. இதைப் பார்த்து இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆஸ்துமாக்காரர்களுக்கு வேண்டுமென்றே சில கொக்கிப்புழுக்களை ஏற்றிப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் எதுவும் இல்லை. மறுபக்கம், கொக்கிப்புழு நம் பெண்களையும் பிள்ளைகளையும் ரத்தசோகையில் தள்ளுவது கண்கூடு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய பெரிய ஆய்வில் கண்ட குடற்புழுக்களில் பெரும்பான்மை கொக்கிப்புழுதான். புழுவை உடலில் வைத்துக்கொண்டு ஒவ்வாமையைத் துரத்த நினைப்பது, எலியைத் துரத்த வீட்டில் நாகத்தை வளர்ப்பது போல.

நமக்கு நல்ல செய்தி வேறொரு இடத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். இருவரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், உணவும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுபவர்கள். மாட்டுக்கொட்டகை வீட்டை ஒட்டியே இருக்கும். ஹட்டரைட் மக்கள் பெரிய எந்திரப் பண்ணைக்காரர்கள். 2016இல் வெளிவந்த ஆய்வில் ஆமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கும், ஹட்டரைட் பிள்ளைகளில் சுமார் 21 சதவீதத்தினருக்கும் ஆஸ்துமா என்று தெரிந்தது. ஆமிஷ் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈசினோஃபிலும் குறைவு. ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கு ஒவ்வாமை இளைப்பு வரவில்லை. இயல்பு நோயெதிர்ப்பின் முக்கிய வழியை எலிகளில் அடைத்துவிட்டுப் பார்த்தால், அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது.

காவல்படைக்குப் பக்குவம் கற்றுக்கொடுத்தது மாட்டுக்கொட்டகையின் நுண்ணுயிர்கள் நிறைந்த தூசி. அதற்குப் புழு தேவைப்படவில்லை. கைக்குழந்தையிலிருந்தே கொட்டகைப் பக்கம் வளரும் பிள்ளைக்கு அது கிடைக்கிறது. ஆனால் பூஞ்சை பிடித்த வைக்கோலும் தவிட்டுப் புழுதியும் வேறு கணக்கு. அவை நுரையீரலைக் கெடுப்பவை, அங்கே வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொள்வதே சரி.

ஆட்டுப்பட்டியில் இதே பாடம்

நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சொந்த ஆடு சென்னை சிவப்புச் செம்மறி. இதன் பெரிய எதிரி நாலாம் வயிற்றில் தங்கி ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு. ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சுவது சுமார் 0.05 மில்லி. ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி ரத்தம் போகும். ஆடு வெளுத்து, தாடையில் நீர் கோத்து, ஒரு நாள் காலையில் விழுந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு இது கூடும்.

ஆட்டின் உடலிலும் இதே படைதான் போராடுகிறது. ஈசினோஃபிலும் மாஸ்ட் செல்லும் வயிற்றுச் சுவரில் குவிந்து புழுவைத் தடுக்கின்றன. குட்டிகளுக்கு இந்தப் படை இன்னும் தேர்ந்திருக்காது. ஈனும் நாட்களில் தாய் ஆட்டுக்கும் அது தளர்ந்துவிடும். திடமான வளர்ந்த ஆடு கொஞ்சம் புழுவோடு தாக்குப்பிடிக்கும். வங்காளத்தின் கரோல் செம்மறிக்கு இந்த எதிர்ப்பு அதிகம் என்பதை மகாராஷ்டிரத்தின் பல்தானில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் காட்டியிருக்கிறார்கள்.

நாம் செய்வது என்ன? காலண்டரைப் பார்த்து மந்தை மொத்தத்துக்கும் ஒரே மருந்தை ஊற்றுகிறோம். மருந்துக்குத் தப்பிய புழுக்கள் மட்டும் பெருகி, தமிழ்நாட்டுச் செம்மறிகளில் மருந்துக்கு அடங்காத புழுக்கள் வந்துவிட்டதைக் கால்நடை விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். பூச்சிக்கொல்லி விஷயத்தில் நாம் ஊர் ஊராகப் பேசிய அதே கதை. போதாக்குறைக்கு, ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து தங்கி, சாணவண்டுகளின் குஞ்சுகளைக் கொல்லும். சாணத்தை நம்பி ஜீவாமிர்தம் கரைக்கும் நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மந்தையில் ஐந்தில் நான்கு பங்குப் புழு, சுமார் கால்வாசி ஆடுகளிடம்தான் இருக்கும். அந்த ஆடுகளைக் கண்டுபிடித்தால் போதும். தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபாமாச்சா அட்டை இதற்கு உதவும். ஆட்டின் கீழ் இமையைப் பிதுக்கி, அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம், வெளுத்திருந்தால் உடனே கொடுக்க வேண்டும். மருந்து வாங்காத ஆடுகளில் இருக்கும் புழுக்கள், மருந்துக்கு அடங்கும் குணத்தை மந்தையில் காப்பாற்றி வைக்கும்.

நாம் செய்யக்கூடியவை

• ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் எண்ணிக்கை பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 500 வரை சாதாரணம். 3,000ஐத் தாண்டி, ராத்திரி இருமலும் இருந்தால், "நாங்க யானைக்கால் நோய் இருந்த பகுதிங்க" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். டிஇசி மருந்து சுமார் மூன்று வாரம். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

• ஸ்டீராய்டு தொடங்கும் முன், வெறுங்காலோடு சேற்றில் வேலை செய்பவர் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் ஒருமுறை மலம் பார்த்தால் தட்டுப்படாமல் போகலாம். பள்ளியில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரைக்கு அது முழுதாகப் போகாது. மனிதருக்கு அதற்கு ஏற்ற மருந்து ஐவர்மெக்டின்.

• தோட்டத்தில் செருப்பு, வீட்டில் கழிப்பறை. மனிதக் கழிவு வயலுக்கு நேராகப் போகக் கூடாது. யானைக்கால் புழுவைப் பரப்பும் கொசு சாக்கடையில் பெருகுவது. பழைய மாமல்லபுரம் சாலையோரம் கழிவுநீர் தேங்கும் இடங்களைப் பற்றிக் கிராம சபையில் கேளுங்கள்.

• ஆடுகளைப் பனி காய்ந்த பிறகு ஓட்டுங்கள். புழுக்குஞ்சு ஈரப் புல்லில்தான் ஏறி நிற்கும். புல்லை ஒட்ட மேயவிடாமல் இடம் மாற்றுங்கள். தழையாகவும் கொடுங்கள். கொய்யா இலை கலந்த தழைத்தூள் செம்மறிகளில் ஹீமாங்கஸைக் குறைப்பதை இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டிருக்கிறார்கள்.

• குட்டிக்கும் ஈனும் ஆட்டுக்கும் முதல் கவனம். மூலிகை உருண்டை கொடுத்தாலும் கடை மருந்து கொடுத்தாலும், கொடுக்கும் முன் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி முட்டை எண்ணிக்கை கேளுங்கள். குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் வேலை செய்யவில்லை.

இலையில் ஒரு பூச்சியைப் பார்த்ததும் மருந்தடிக்காமல், செடியைப் புரட்டி, தின்னும் பூச்சி எத்தனை, காக்கும் பூச்சி எத்தனை என்று எண்ணப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை ரத்த அறிக்கைக்கும் ஆட்டின் இமைக்கும் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.